சென்னையில் உங்கள் முதல் மார்கழி வாரம்

நான் சென்னைக்கு வந்த முதல் டிசம்பரில், நாளிதழ் ஒன்றில் பொடி எழுத்தில் வந்திருந்த கச்சேரிப் பட்டியலைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, போக வேண்டியதையெல்லாம் பேனாவால் வட்டம் போட்டேன். ஒரே நாளைக்குப் பதினொரு வட்டம். அன்றைக்குப் போனது ஒன்றுக்கும் இல்லை. எதை விட்டு எதற்குப் போவது என்று யோசித்தபடியே திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் படுத்துத் தூங்கிப்போனேன்.

வேலைக்கோ படிப்புக்கோ இந்த ஆண்டு சென்னைக்கு வந்திருப்பவர்களுக்கும் அதுதான் நடக்கும். டிசம்பர் நடுவில் பாட்டு, நடனம், உலகப் படங்கள், ஓவியக் கண்காட்சி, தெருவோரப் பஜனை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும். யுனெஸ்கோ 2017இல் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசை நகரமாகச் சேர்த்தது. அது பெருமைதான். ஆனால் அந்த இசை நகரத்தில் எந்த வாசல் வழியாக நுழைவது என்று யாரும் பலகை வைப்பதில்லை. எனக்கு நான்கைந்து வருஷம் பிடித்தது. உங்களுக்கு ஒரு வாரத்தில் முடியட்டும்.

முதலில் பேட்டை, வித்வான் அப்புறம்

புதிதாக வருகிறவர் செய்யும் பெரிய தப்பு, பெயரைத் துரத்துவது. மத்தியானம் தியாகராய நகர், சாயங்காலம் மயிலாப்பூர், ராத்திரி பாரிமுனை என்று போட்டால், கேட்பது பாட்டாக இருக்காது, ஹாரனாகத்தான் இருக்கும். மெட்ரோ ரயில் வேலைக்காக வழி மாற்றிவிடப்பட்ட தெருக்களில் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போகும். ஆகவே நடந்தே போய்விடக்கூடிய ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் என்ன நடக்கிறதோ அதைக் கேளுங்கள்.

மயிலாப்பூர்–ஆழ்வார்பேட்டைதான் என் சிபாரிசு. கபாலி கோயிலின் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். சற்றுத் தள்ளி சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா. முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமி, அதே சாலையில் கால் மணி நேரம் நடந்தால் நாரத கான சபா. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் மாட வீதிகள் பத்து நிமிட நடைதான். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்தும் லஸ் வழியாகப் போகிறது. தியாகராய நகரில் தங்கியிருப்பவர்கள் வாணி மகாலையும் கிருஷ்ண கான சபாவையும் வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு வாரத்தை ஓட்டலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சபா வேறு, அரங்கம் வேறு. சபா என்பது நிகழ்ச்சி நடத்தும் அமைப்பு. சொந்தக் கட்டடம் உள்ள சபாக்கள் சிலவே. மற்றவை வேறொருவர் அரங்கில் நாள் வாங்கி நடத்தும். முதல் வருஷம் ஒரு சபாவின் முகவரியைக் கண்டுபிடித்துப் போய் நின்றேன். மாடிப்படியில் ஒரு பூட்டும், பக்கத்து வீட்டு நாயும்தான் இருந்தன. கச்சேரி இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு அரங்கில். எனவே பட்டியலில் சபாவின் பெயருக்குக் கீழே ‘இடம்’ என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

இன்னொன்று தெருப் பெயர். வெள்ளைக்காரர் பெயரை எடுத்துவிட்டு வித்வான்கள் பெயரை வைத்த தெருக்கள் இங்கே உண்டு. கிரிஃபித் ரோடு மகாராஜபுரம் சந்தானம் சாலை ஆயிற்று, ஆலிவர் ரோடு முசிறி சுப்பிரமணியம் சாலை ஆயிற்று. வழி சொல்லும் வயசான மாமாவுக்கு மட்டும் அது இன்னும் ஆலிவர் ரோடுதான். டி.டி.கே. சாலையை மவுபரீஸ் ரோடு என்பார், ராதாகிருஷ்ணன் சாலையை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்பார். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் வழி கேட்பது சுலபம்.

பட்டியலை எப்படிப் படிப்பது

பெயர் மார்கழி சீசன் என்றாலும், மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். சில சபாக்கள் கார்த்திகையிலேயே தொடங்கிவிடும். அகாடமி மட்டும் டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை என்ற கணக்கில் நிற்கிறது. ஏன் டிசம்பர் என்று கேட்டால் அதற்கு அரசியல் காரணம் ஒன்று உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. பிற்பாடு கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிய இந்த நாட்களே வழக்கமாகிவிட்டன. வெயிலும் குறைவு, கோர்ட்டுக்கும் லீவு.

ஒரு சபாவின் ஒரு நாள் பெரும்பாலும் இப்படி அமையும். காலையில் பேச்சும் பாட்டும் கலந்த செயல்விளக்கம், இதை ‘லெக்-டெம்’ என்பார்கள். நண்பகலில் ஒரு கச்சேரி, இரண்டு மணி வாக்கில் ஒன்று, நான்கு மணி வாக்கில் ஒன்று, ஆறரை ஏழுக்குப் பெரியவர்களின் கச்சேரி. பல சபாக்களில் நண்பகல், பிற்பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. அகாடமியிலேயே நண்பகல், இரண்டு மணிக் கச்சேரிகள் அப்படித்தான். நேராக உள்ளே போய் உட்காரலாம்.

இந்த மத்தியானக் கச்சேரியை யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம். பத்து இருபது வருஷம் கற்றுக்கொண்ட இளைஞர்களுக்குக் கிடைக்கும் முதல் பெரிய மேடை அது. கூட்டம் இருக்காது. முதல் வரிசையிலிருந்து மிருதங்கக்காரரின் விரலைப் பார்க்கலாம். சாயங்காலம் தலைக்குத் தலை எட்டிப் பார்த்தாலும் கிடைக்காத காட்சி அது. பாடுகிறவரும் உயிரைக் கொடுத்துப் பாடுவார். அடுத்த வருஷம் நான்கு மணிக்கு ஏற வேண்டுமே.

பெயர்கள் வரும் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. முதலில் இருப்பவர் பாடுபவர் அல்லது பிரதான வாத்தியம். அடுத்து வயலின், அடுத்து மிருதங்கம், கடைசியில் கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவற்றில் ஒன்று. இவர்களைப் பக்கவாத்தியம் என்பார்கள். கொஞ்ச நாளானதும் பக்கவாத்தியப் பெயரைப் பார்த்தே கச்சேரிக்குப் போகிற நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

டிக்கெட் உள்ள கச்சேரிக்கு, பெரிய பெயராக இருந்தால் முன்பே வாங்க வேண்டும். மற்றபடி அன்றைக்கே கவுன்டரில் கிடைக்கும். சீசன் டிக்கெட் உங்களுக்கு வேண்டாம். அதை வாங்கியவர்கள் வருஷா வருஷம் அதே நாற்காலியில் உட்காருகிறவர்கள். பின்வரிசை டிக்கெட்டோ பால்கனியோ போதும். ஒலி அங்கேயும் நன்றாகவே வரும். கிளம்புவதற்கு முன் அன்று காலை ஒரு முறை சபாவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பனிக்காலத்தில் தொண்டை கட்டுவது சகஜம், ஆள் மாறிவிடும்.

பட்டியல் எங்கே கிடைக்கும்? நாளிதழ்களின் இணைப்புகளில் வரும். அரங்க வாசலில் சிறு புத்தகமாகக் கொடுப்பார்கள். மயிலாப்பூர் வட்டாரத்துக்கு 1994 முதல் ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ என்ற இலவச வார இதழ் வருகிறது. பெரிய பத்திரிகைகள் விட்டுவிடும் மொட்டைமாடிக் கச்சேரிகூட அதில் இருக்கும்.

உள்ளே போனதும்

சால்வை ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே சென்னை, உள்ளே ஏ.சி. ஊட்டி. உடைக்கு விதி ஏதும் இல்லை. பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கைபேசி அடித்தால் மட்டும் எல்லாத் தலைகளும் திரும்பும்.

இரண்டரை மணி நேரம் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் போய்விடும். இன்றைக்கு மேடையில் கேட்கிற கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துக்கொண்டிருந்த காலத்தில், பல உருப்படிகளை விறுவிறுப்பாக அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். முதலில் ஒரு வர்ணம். இது குரலும் விரலும் சூடேறுவதற்கு. பிறகு பெரும்பாலும் பிள்ளையார் மேல் ஒரு பாட்டு. அடுத்து நடுத்தர அளவில் இரண்டு மூன்று கீர்த்தனைகள்.

அப்புறம் பாடகர் சொற்களே இல்லாமல் ஒரு ராகத்தை மெல்ல விரிப்பார். அதுதான் ஆலாபனை. அவர் முடித்ததும் வயலின் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிக்கும். இந்த இடத்தில் புதியவர்கள் செல்போனை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். பாடகர் எங்கெல்லாம் போனாரோ அங்கெல்லாம் வயலின் போகிறதா, புதிதாக ஒரு சந்துக்குள் நுழைகிறதா என்று கவனியுங்கள். ராகத்தின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் இருப்பவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி “கரஹரப்ரியா” என்று முணுமுணுப்பார். அதுவும் சில சமயம் தப்பாக இருக்கும்.

கச்சேரியின் மத்தியில் வரும் பெரிய உருப்படியை ‘மெயின்’ என்கிறார்கள். ஆலாபனை, கீர்த்தனை, ஒரே வரியைத் திருப்பித் திருப்பி விதவிதமாகப் பாடும் நிரவல், ச ரி க ம என்று பாடும் ஸ்வரம் என்று நீண்டு, கடைசியில் தாள வாத்தியங்களிடம் மேடையை ஒப்படைப்பார்கள். இதுதான் தனி ஆவர்த்தனம். முதல் வருஷம் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்தேன். என்னோடு முப்பது பேர் எழுந்தார்கள், ஆகவே சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து இருக்கை மாமா என் கையைப் பிடித்து, “தம்பி, அவாள்லாம் காபிக்குப் போறா. நீங்க உக்காருங்கோ, மிருதங்கம் இப்பதான் பேசப்போறது” என்றார். அன்றிலிருந்து தனிக்கு எழுந்ததில்லை. பாட்டுக்குப் பின்னால் அதுவரை பொறுமையாக இருந்த மனிதருக்குக் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அது. அப்போது எழுந்து போவது, பந்தியில் பரிமாறுகிறவர் நம் இலைக்கு வரும்போது இலையை மடிப்பது போல.

தனியைப் பின்தொடர ஒரே ஒரு வித்தை கற்றுக்கொள்ளுங்கள். கச்சேரிகளில் அதிகம் வருவது ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுங்கள். நான்கு ஆயிற்று. பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு. வீட்டில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தால் வந்துவிடும். பாட்டின் வேகம் மெதுவாக இருந்தால் ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் இரண்டு இரண்டாக எண்ணத் தோன்றும். குழம்ப வேண்டாம், முன்வரிசையில் கை ஆடும் ஒருவரைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, இருவரும் சேர்ந்து ஒரே சொற்கட்டை மூன்று முறை முழங்கினால் தனி முடிகிறது என்று அர்த்தம். பாடகர் விட்ட வரியைச் சரியாக அந்த இடத்தில் எடுப்பார். கைதட்டல் அங்கே பிய்த்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் உங்கள் தாளமும் அதே இடத்தில் வந்து நின்றிருந்தால், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

மற்ற இடங்களில் கைதட்டுவதற்குக் கணக்கு எளிது. ஆலாபனை முடிந்ததும், வயலின் முடித்ததும், பாட்டு முடிந்ததும் தட்டலாம். சந்தேகமாக இருந்தால் இரண்டு நொடி பொறுங்கள்.

மெயினுக்குப் பிறகு ‘துக்கடா’, அதாவது சின்னச் சின்ன உருப்படிகள். பெயரைக் கேட்டுச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பதம், திருப்புகழ், விருத்தம், தில்லானா எல்லாம் இங்கேதான் வரும். மார்கழியானால் ஆண்டாளின் திருப்பாவையிலிருந்து அன்றைய தேதிக்குரிய பாசுரத்தைப் பாடுகிறவர்கள் உண்டு. அதன் முப்பது பாசுரங்களுக்கும் மெட்டமைத்தவரும் அரியக்குடியே. பெரிய தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் வாலில் ஒதுங்கி நிற்பது பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் பழையது, அதற்கென்று ஓர் இயக்கமே நடந்திருக்கிறது. கடைசியில் மங்களம், அது முடியும்வரை உட்கார்ந்திருப்பது மரியாதை.

கேன்டீன்

சபா கேன்டீனுக்குப் போக டிக்கெட் வேண்டாம். பாட்டே கேட்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிற கூட்டம் உண்டு, அவர்களுக்கு வெட்கமும் கிடையாது. மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு, மாலையில் அடை அவியல், வாழைப்பூ வடை, அசோகா அல்வா, டிகிரி காபி. ஆறேகால் மணிக்குப் போனால் ஏழு மணிக் கச்சேரிக்காரர்கள் மொத்தமும் வரிசையில் நிற்பார்கள். ஐந்தரைக்குப் போங்கள். ஒண்டியாகப் போனால் தெரியாதவர் மேஜையில் உட்கார நேரும். நல்லதுதான். நாளைக்கு எந்தக் கச்சேரி தேறும் என்பதை அங்கே கிடைப்பதுபோல வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாது.

வார்த்தை புரிய வேண்டும் என்றால்

தியாகராஜர் பாடியது தெலுங்கில், தீட்சிதர் பாடியது பெரும்பாலும் சமஸ்கிருதத்தில். முதல் இரண்டு நாள் ஒன்றும் புரியவில்லையே என்று தோன்றினால், உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி பாரிமுனையில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். தமிழ் இசைச் சங்கம் 1943இல் தொடங்கியது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பிள்ளை அது. டிசம்பர் பின்பாதியில் அங்கே இசை விழா நடக்கும். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி பாட்டுகள் அங்கே துக்கடாவாக ஒதுங்கி நிற்பதில்லை. தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் நடத்துகிறார்கள். பாட்டும் விளக்கமும் கலந்து வருவதால் புதியவர்களுக்கு அது இன்னும் நல்லது.

விடியலில் எழ முடிந்தவர்களுக்கு வேறொன்று. மார்கழி முழுக்க மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை கோஷ்டி பாடிக்கொண்டே சுற்றும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் தலைமையேற்று நடத்திய வழக்கம் அது, அவர் வழிவந்தவர்கள் விடாமல் நடத்துகிறார்கள். ஆறு மணிக்கு முன்பே கபாலி கோயில் பக்கம் போய்விடுங்கள். கோலம் போடுகிறவர்களைப் பார்த்து நடங்கள், மிதித்துவிடாதீர்கள்.

சபாக்களுக்குள் போனால் நீங்களே ஒன்றைக் கவனிப்பீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் மேடையில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே சமூக வட்டம். எனக்கு முதல் வருஷம் இது உறுத்தியது. எங்கள் கோவில்பட்டியில் நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை உண்டு. நாதஸ்வரம்தான் எங்களுக்குச் சங்கீதம். இங்கோ அது பெரும்பாலும் தொடக்க நாளில் ‘மங்கள இசை’யாக வந்து போய்விடுகிறது. இந்த உறுத்தல் எனக்கு மட்டும் உள்ளதில்லை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்று தொடங்கியது. கானா, பறை, ஒப்பாரி, கிராமியப் பாட்டு எல்லாம் மேடையேறின. உங்கள் வாரத்தில் அது நடந்தால் ஒரு சாயங்காலத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். சபாவில் பக்கத்து ஆள் முறைக்கிறாரே என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் அங்கே எழுந்து ஆடலாம். ஒரே வாரத்தில் இரண்டையும் கேட்டால்தான் இந்த ஊரின் காது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

படம் பார்க்கிறவர்களுக்கு

டிசம்பர் நடுவில்தான் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் வரும். இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003இலிருந்து நடத்திவருகிறது. முழு விழாவுக்கும் ஒரே பிரதிநிதி அட்டை. மாணவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, கல்லூரி அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். எந்தத் தியேட்டர்கள் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், அட்டை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை இருந்தால் இருக்கை நிச்சயம் என்று நினைக்காதீர்கள். முதலில் வருகிறவருக்கே இடம். பெரிய விருது வாங்கிய படம் என்றால் அரை மணி நேரத்துக்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்க முடியும், பார்த்தும் இருக்கிறேன். மூன்றாவதற்குப் பிறகு எந்த நாட்டுக்காரன் எந்தப் படத்தில் அழுதான் என்று நினைவில்லை. இரண்டு படம், நடுவே ஒரு நீண்ட டீ, போதும். பெயர் தெரியாத நாட்டுப் படம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். தமிழ்ப் படப் போட்டிப் பிரிவும் உண்டு. படம் முடிந்ததும் இயக்குநர் வந்து பேசினால் ஓடிவிடாமல் உட்காருங்கள், கேள்வி கேட்கத் தமிழே போதும். வசன வரிகள் மட்டும் ஆங்கிலத்தில் ஓடும்.

இதைத் தவறவிட்டாலும் கவலையில்லை, வருஷம் முழுக்கப் படம் போடும் இடங்கள் உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் ஜெர்மானியரின் மாக்ஸ் முல்லர் பவன், ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்யக் கலாச்சார மையம், ராஜா அண்ணாமலைபுரத்தில் தாகூர் திரைப்பட மையம். வாசல் பலகையைப் பாருங்கள், அல்லது அவர்களுடைய அறிவிப்புகளைக் கைபேசியில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்காத திரையிடல்களே அதிகம்.

கண்ணுக்கு

பாட்டும் படமும் தலையில் ஏறிய பிறகு, சத்தமே இல்லாத ஓர் அரை நாள் அவசியம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே வெண்கலக் கூடத்துக்கு மட்டும் போனால் போதும், திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் நிற்கிறார். வெள்ளிக்கிழமை விடுமுறை. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியில் இளம் ஓவியர்களின் கண்காட்சி ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும், பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறிய இடம். அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. அது செவ்வாய் விடுமுறை.

ஒரு வாரம், என் கணக்கில்

திங்கள்: வேலை முடிந்து நேரே வித்யா பவன். அங்கே பெரும்பாலான கச்சேரிகளுக்குக் காசில்லை. பிடிக்காவிட்டாலும் மாட வீதியில் நடந்துவிட்டுத் திரும்பலாம், நஷ்டமில்லை.

செவ்வாய்: ஒன்றும் வேண்டாம். வீட்டில் ஆதி தாளம் போட்டுப் பழகுங்கள்.

புதன்: ஒரு நாள் லீவு போட முடிந்தால் இந்த நாளில் போடுங்கள். காலை எட்டு மணிக்கு அகாடமியில் லெக்-டெம், பாதி புரியாது, பரவாயில்லை. பிறகு நண்பகல் கச்சேரி, கேன்டீனில் இலைச் சாப்பாடு, இரண்டு மணிக் கச்சேரி. சாப்பாட்டுக்கு மேல் இரண்டு மணிக் கச்சேரியில் தூக்கம் வரும். வந்தால் தூங்குங்கள், குறட்டை மட்டும் விடாதீர்கள். பழுத்த ரசிகர்களே கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள், அது ரசனையா தூக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு மணிக்கு நாரத கான சபா பக்கம் நடந்து ஒரு காபி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வியாழன்: திரைப்பட விழாவில் மாலைக் காட்சிகள் இரண்டு.

வெள்ளி: ராஜா அண்ணாமலை மன்றம். பாரிமுனையில் இரவு ஒன்பதுக்கு மேல் கடைகள் அடைத்துவிடுவார்கள், கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

சனி: டிக்கெட் வாங்கிய அந்த ஒரு பெரிய கச்சேரி. ஐந்து நாள் காது பழகியிருக்கும். இதையே திங்களன்று கேட்டிருந்தால் பாதி வீணாகியிருக்கும், அதனால்தான் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். பிடித்த நடனம் இருந்தால் இதற்குப் பதில் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவுக்குப் போகலாம். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய பள்ளி அது, அதன் கலை விழா டிசம்பர் கடைசியை ஒட்டி வரும். அரங்கைச் சுற்றியுள்ள மரங்களுக்காகவே கொஞ்சம் முன்னதாகப் போகலாம்.

ஞாயிறு: விடியலில் மாட வீதி பஜனை, இட்லி, பிறகு எழும்பூர் வெண்கலக் கூடம். மாலையில் மக்களிசை இருந்தால் அங்கே.

குடை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், வடகிழக்குப் பருவமழைக்குக் காலண்டர் தெரியாது.

இந்த வாரம் கைக்கு வரவில்லை என்றாலும் சீசன் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடாது. ஜனவரி 1 அன்று அகாடமியில் சதஸ் என்கிற விருது விழா நடக்கும், சங்கீத கலாநிதி விருது கொடுப்பார்கள். அதை முதலில் பெற்ற பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1968இல். மூன்றாம் தேதி வாக்கில் அங்கேயே நடன விழா தொடங்கும். ஜனவரி முதல் பாதியில் கபாலி கோயிலைச் சுற்றி மயிலாப்பூர் திருவிழா, வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம். 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 முதல் மறுபடி நடக்கிறது. கரகம், ஒயில், பறை, சிலம்பம் எல்லாம் ஊர்ப் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் வரும். அங்கே டிக்கெட்டும் இல்லை, சீட் நம்பரும் இல்லை. உட்கார ஒரு பழைய பெட்ஷீட் எடுத்துக்கொண்டு போங்கள், குழந்தைகள் இருந்தால் முன்வரிசைக்கு அனுப்பிவிடுங்கள்.